டாஷ்கேம்: முன்னுக்கு ஒன்னு போதுமா, பின்னுக்கும் சேர்த்துப் போடணுமா?

லிந்தாங் ரோடு | ஞாயிறு, இரவு 9:12

எல்லாருக்கும் வணக்கம். மலேசியா, பேராக், சுங்கை சிப்புட்ல இருந்து எழுதுறேன். வீட்டுல ஒரே காடி (கார்), மைவி. காலையில மனைவி எடுத்துக்கிட்டு செம்மோர் வழியா பழைய ரோட்டுல ஈப்போவுக்கு வேலைக்குப் போவாங்க. சாயங்காலம் அப்பா எடுப்பாரு. அப்பா தோட்டத்துல கிராணியா, அதான் கிளார்க்கா, இருந்து ஓய்வு பெற்றவரு, வயசு 71. நாங்க லயத்தை விட்டுத் தாமான் குடியிருப்புக்கு வந்து இருபது வருசமாச்சு. ஆனா கோயிலும் அவரோட கூட்டாளிங்களும் இன்னும் தோட்டத்துலதான். அதனால தினமும் செம்மண் ரோட்டுல நாலு கிலோமீட்டர் போய்ட்டு வருவாரு.

போன மாசம் தோட்டத்து ரோட்டுல இருந்து பெரிய ரோட்டுக்கு ஏறுற சிம்பாங்ல (சந்தி) நின்னுக்கிட்டு இருந்திருக்காரு. பின்னால வந்த மோட்டார் இடிச்சிருச்சு. ஓட்டுனவன் விழுந்து எழும்பி, "அங்கிள், நீங்கதான் ரிவர்ஸ்ல வந்தீங்க"ன்னு சாதிச்சிட்டான். சுத்தி மரம்தான், மனுசன் ஒருத்தர் இல்ல. அப்பா 300 வெள்ளி (ரிங்கிட்) எடுத்துக் குடுத்துட்டு வந்துட்டாரு. வீட்டுல ரெண்டு நாள் வாயே திறக்கல. பம்பர்ல கீறலப் பாத்துட்டு நான் கேட்டப்பதான் சொன்னாரு.

அதனால காடியில டாஷ்கேம், அதான் ரோட்டப் படம் புடிக்கிற கேமரா, மாட்டலாம்னு இருக்கேன். கையில 400 வெள்ளி இருக்கு. அந்தக் காசுக்கு நல்ல முன் கேமரா ஒன்னு வாங்கலாம், இல்லாட்டி சுமாரான ரெண்டு. பாசார் பக்கத்துக் கடைக்காரர் "ரெண்டாப் போடு தம்பி"ங்கிறாரு. விக்கிறவர் வேற என்ன சொல்வாரு? ஓட்டுறவங்க சொல்லுங்க.


குலை லோரி | ஞாயிறு, இரவு 9:40

இதுல யோசிக்க என்ன இருக்கு? இடிச்சது பின்னால. கேமராவ முன்னால மட்டும் வெச்சா அது செம்பனை மரத்தப் படம் புடிச்சுக்கிட்டு இருக்கும்.

நான் 22 வருசமா செம்பனைக் குலை ஏத்திக்கிட்டு மில்லுக்கு ஓட்டுறவன். முன்னால வர்ற ஆபத்து கண்ணுக்குத் தெரியும், பிரேக்க மிதிக்கலாம். பின்னால வர்றவன் போனப் பாத்துக்கிட்டு வருவான், லைட் இல்லாம வருவான், லோரிக்குப் பின்னால ஒட்டிக்கிட்டே வருவான். மேல இருந்து ஒரு குலை விழுந்தா இருபது கிலோ, பொன்னட் அப்பளமாயிரும்னு அவனுக்குத் தெரியாது. ரெண்டு போடு தம்பி. கடைக்காரர் சொன்னதுங்கிறதுக்காக ஒரு நல்ல பேச்சு கெட்ட பேச்சாயிடாது.


மலிவு மன்னன் | ஞாயிறு, இரவு 10:05

நான் ஆன்லைன்ல 60 வெள்ளிக்கு வாங்கினேன். முன்னுக்குப் பின்னுக்கு ரெண்டும் இருக்கு. எதுக்கு 400?


குலை லோரி | ஞாயிறு, இரவு 10:07

எத்தன மாசமாச்சு வாங்கி?


மலிவு மன்னன் | ஞாயிறு, இரவு 10:09

மூணு வாரம் 😄


கிளேம் ஆளு | திங்கள், காலை 8:31

இன்சூரன்ஸ் வேலையில் இருக்கிறேன். லோரி அண்ணன் சொன்னதில் பாதியை மறுக்க வேண்டியிருக்கிறது.

தம்பி, உங்கள் அப்பா விசயத்தில் முன் கேமரா ஒன்றே போதுமானதாக இருந்திருக்கும். எப்படி என்று கேட்பீர்கள். காடி பின்னோக்கி வந்திருந்தால், முன் கேமராவின் படத்தில் எதிரே இருக்கும் மரமும் ரோட்டுக் கோடும் விலகிப் போகும். நின்றுகொண்டிருந்தால் படம் அசையாமல் இருந்து, ஒரு சத்தத்தோடு சட்டென்று முன்னே குலுங்கும். அந்த ஒரு குலுக்கல் போதும், ரிவர்ஸ் வந்தாரா இல்லையா என்று சொல்ல. கேமராவில் ஜிபிஎஸ் இருந்தால் மூலையில் வேகம் 0 என்றும் பதிவாகியிருக்கும். இதைப் பலரும் யோசிப்பதில்லை. பின்னால் இடித்தால் பின் கேமராதான் சாட்சி என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

பின் கேமரா வேறொரு கேள்விக்குப் பதில் சொல்லும்: இடித்தது யார்? இடித்தவன் நிற்காமல் ஓடிவிட்டால் அவன் நம்பர், அவன் எந்தப் பக்கமிருந்து வந்தான், லைட் போட்டிருந்தானா என்பதெல்லாம் முன் கேமராவுக்குத் தெரியாது. தப்பு யாருடையது என்பது ஒன்று, ஆள் யார் என்பது இன்னொன்று. உங்களுக்கு எது பயமோ அதற்குத் தகுந்தபடி வாங்குங்கள்.

300 வெள்ளி கொடுத்ததைப் பற்றியும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இனிமேல் அப்படிச் செய்ய வேண்டாம் என்று அப்பாவிடம் மரியாதையாகச் சொல்லுங்கள். காசு கொடுத்தால் தப்பை ஒப்புக்கொண்டதாகத்தான் எதிராளி பேசுவான். விபத்து நடந்தால் 24 மணி நேரத்துக்குள் பாலாயில் (போலீஸ் நிலையம்) ரிப்போர்ட் செய்ய வேண்டும். 1987 சாலைப் போக்குவரத்துச் சட்டம் 52ஆம் பிரிவு அதைத்தான் சொல்கிறது. தப்பு நம்முடையது இல்லை என்று போலீஸ் முடிவு வந்துவிட்டால், முழு இன்சூரன்ஸ் உள்ளவர் 'நாக் ஃபார் நாக்' முறையில் தன் சொந்தக் கம்பெனியிலேயே கிளேம் செய்யலாம், என்சிடி (கிளேம் செய்யாமல் இருந்ததற்குக் கிடைக்கும் பிரீமியத் தள்ளுபடி) போகாது. தப்பு நம்முடையது என்று ஆகி, சொந்த இன்சூரன்ஸில் கிளேம் செய்தால் அது பூஜ்யத்துக்கு இறங்கிவிடும். பிறகு முதல் வருசம் 25 விழுக்காடு, அப்புறம் 30, 38.33, 45, 55 என்று மறுபடியும் ஐந்து வருசம் ஏற வேண்டும். 400 வெள்ளிக் கேமரா காப்பாற்றுவது உண்மையில் இந்த 55ஐத்தான்.


லிந்தாங் ரோடு | திங்கள், மதியம் 1:15

இது எனக்குத் தோணவே இல்ல சார். அப்ப முன்னுக்கு மட்டும் போட்டா போதுமா? காசும் மிச்சம்.

அப்பா கிட்ட 300 வெள்ளி பேச்ச எடுத்தேன். "அவன் கால்ல ரத்தம் வந்துச்சு, நான் என்ன செய்ய"ன்னு கேட்டாரு. அதுக்கு மேல பேச்சு வளரல.


கோல காங்சார் அக்கா | திங்கள், மாலை 6:50

தம்பி, அப்பாவைத் திட்டாதீங்க. அந்தக் காலத்து ஆளுங்க அப்படித்தான். எங்க அப்பாவும் தோட்டத்துல தண்டலா (மேஸ்திரி) இருந்தவர். ரோட்டுல யாராவது விழுந்தா முதல்ல தண்ணி குடுப்பார், அப்புறம்தான் யார் தப்புன்னு பார்ப்பார்.

நான் ஈப்போவுல தாதி. இரவு ஷிப்ட் முடிஞ்சு லெபுராயாவுல (நெடுஞ்சாலை) திரும்புவேன். என் காடியில முன்னும் பின்னும் கேமரா இருக்கு, மூணு வருசமா. அனுபவத்தை அப்படியே சொல்றேன்.

பகல்ல பின் கேமரா தங்கம். இரவுல அது ஒன்னுக்கும் ஆகாது. காரணம் கேமரா இல்ல, டின்டட், கண்ணாடியில ஒட்டுற கறுப்பு ஃபிலிம். 2019 மே மாசத்துல இருந்து பின் கண்ணாடிக்கும் பின் பக்கக் கண்ணாடிக்கும் எவ்வளவு கறுப்பா வேணும்னாலும் ஒட்டலாம்னு விட்டுட்டாங்க இல்லையா? முன் கண்ணாடிக்கு 70 விழுக்காடு, முன் பக்கக் கதவுக்கு 50 விழுக்காடு வெளிச்சம் உள்ளே வரணும்ங்கிறது மட்டும் அப்படியே இருக்கு. என் வீட்டுக்காரர் ஆசையா பின்னுக்கு நல்ல கறுப்பா ஒட்டினார். அந்தக் கறுப்புக் கண்ணாடிக்கு உள்ளே கேமராவை வெச்சா அது எதைப் பார்க்கும்? பின்னால வர்ற காடியோட ரெண்டு லைட்டு, ரெண்டு வெள்ளைப் பந்து மாதிரி. நம்பரா, நிறமா, ஒன்னும் தெரியாது.

முன் கேமராவுக்கு நல்ல சோதனை லெபுராயாவுல வர்ற மெனோரா சுரங்கம். 800 மீட்டர்தான். உள்ளே நுழையும்போது ஒரு இருட்டு, வெளியே வரும்போது கண்ணைக் கூசும் வெளிச்சம். மட்டமான கேமரா நுழையும்போது வெறும் கறுப்பா, வெளியே வரும்போது வெறும் வெள்ளையா நாலஞ்சு விநாடி காட்டும். விபத்து அந்த நாலஞ்சு விநாடியிலதானே நடக்கும். கடையில வாங்கும்போது இருட்டையும் வெளிச்சத்தையும் சேர்த்துச் சமாளிக்கிற 'டபிள்யூடிஆர்' இல்லாட்டி 'எச்டிஆர்' இருக்கான்னு கேளுங்க, 4கே இருக்கான்னு கேட்காதீங்க.

இன்னொன்னு. மைக்கை அணைச்சு வைக்கலாமான்னு யோசிங்க. எங்க வீட்டுல ஒரு தீபாவளிச் சண்டை முழுசா அதுல பதிவாகி, அப்புறம் யார் முதல்ல கத்தினாங்கன்னு ஓட்டிப் பார்த்தோம். நான்தான்.


கிளேம் ஆளு | திங்கள், இரவு 8:02

மைக்கை அணைக்க வேண்டாம் அக்கா 😄 இடித்த சத்தம், ஹாரன் சத்தம் எல்லாம் சாட்சிக்கு உதவும். சண்டையைக் காடிக்கு வெளியே வைத்துக்கொள்ளுங்கள்.


ஈப்போ வயர்மேன் | திங்கள், இரவு 11:20

கேமரா மாட்டுற வேலைதான் எனக்கு. இங்க யாரும் மாட்டுறதப் பத்திப் பேசல, அதனால வரேன். கொஞ்சம் நீளமா இருக்கும்.

ஒன்னா ரெண்டாங்கிறத விட, என்ன காடிங்கிறது முக்கியம். சாகா, பெர்சோனா மாதிரி செடான்ல பின் கண்ணாடி அசையாது. கூரைத் துணிக்கு உள்ள வயர இழுத்துட்டுப் போய் ஒட்டிட்டா பத்து வருசமானாலும் அப்படியே கிடக்கும். மைவி அப்படி இல்ல. பின் கண்ணாடி பூட் (டிக்கி) கதவோட சேர்ந்து தூக்கும். கூரையில இருந்து கதவுக்குள்ள போற வயரு ஒரு ரப்பர்க் குழாய் வழியா போகணும். ஒவ்வொரு தடவ பூட் கதவத் திறக்கும்போதும் அந்த இடத்துல வயரு மடங்கும். பாசாருக்குப் போற காடி, ஒரு நாளைக்கு நாலு தடவ திறந்தா? ரெண்டு வருசத்துல உள்ள செம்புக் கம்பி அத்துக்கிட்டு வந்த காடிங்கள நான் எத்தனையோ பாத்துட்டேன். சோம்பேறி ஆளு ரப்பர்க் குழாய்க்குள்ள விடாம வெளிய தொங்க விட்டிருந்தா இன்னும் சீக்கிரம்.

அடுத்தது புழுதி. தம்பி செம்மண் ரோடுன்னு சொன்னாரே, அங்கதான் எனக்கு யோசன. முதுகு நேரா இருக்கிற காடி ஓடும்போது பின்னால காத்து சுழலும், அந்தச் சுழல் புழுதிய இழுத்துக் கண்ணாடியில அப்பும். தோட்டத்துக்குள்ள ஓடுற மைவியோட பின் கண்ணாடியப் பாருங்க, விரலால பேரு எழுதலாம். கேமரா உள்ள இருந்து அது வழியாத்தான் பாக்கணும். பின் வைப்பர் துடைக்கிற வட்டத்துக்குள்ள கேமராவ ஒட்டினாத்தான் கொஞ்சமாவது பிழைக்கும். நிறைய பேரு அழகுக்காக மேல ஓரத்துல ஒட்டிருவாங்க, வைப்பர் அங்க எட்டாது.

சூடு. மத்தியான வெயில்ல நின்ன காடிக்குள்ள டேஷ்போர்டு 60 டிகிரிய சாதாரணமாத் தாண்டும். உள்ள லித்தியம் பேட்டரி இருக்கிற கேமரா அதுல உப்பிரும். மலிவு மன்னன், உங்க 60 வெள்ளியத்தான் சொல்றேன், மூணு மாசம் கழிச்சு வந்து சொல்லுங்க. பேட்டரிக்குப் பதிலா 'சூப்பர் கெப்பாசிட்டர்' உள்ளதா கேட்டு வாங்குங்க. சூட்டத் தாங்கும். கரண்டு அறுந்த பிறகும் கடைசி ஃபைல மூடி வைக்கிற அளவுக்குத் தெம்பு இருக்கும்.

அப்புறம் கார்டு. முக்கால்வாசி பேரு இங்கதான் தோப்பாங்க. நல்ல 1080பி படம் விநாடிக்கு 15 மெகாபிட்னு வெச்சுக்குவோம். ஒரு மணி நேரத்துக்கு ஏழு ஜிபிக்குக் கொஞ்சம் கம்மி. 64 ஜிபி கார்டுல ஒரு கேமரான்னா ஒன்பது மணி நேரம் நிக்கும். பின்னுக்கும் அதே தரத்துல ஓடினா நாலரை மணி நேரம். அதுக்கு மேல பழசு மேலயே புதுசு எழுதிக்கிட்டுப் போகும். அப்பாவுக்கு நடந்த மாதிரி ரெண்டு நாள் கழிச்சு வீட்டுல சொன்னா, அந்தப் படம் அழிஞ்சே போயிருக்கும். மோட்டார் மெதுவா இடிச்சா ஜி-சென்சார் (அதிர்வ உணர்ற கருவி) சில நேரம் உணராது, ஃபைலப் பூட்டாது. கையால பூட்டுற பட்டன் ஒன்னு இருக்கும், அப்பாவுக்கு அதக் காட்டிக் குடுங்க. ரெண்டு கேமரா போட்டா கார்டும் ரெண்டு மடங்கு பெருசா வேணும்ங்கிறத கடையில யாரும் சொல்ல மாட்டாங்க.

கார்டுல 'ஹை எண்டியூரன்ஸ்'னு போட்டிருக்கணும். சாதாரணப் போன் கார்டு ஓயாம எழுதி எழுதிச் செத்துரும். கேமரா அதச் சொல்லாம சிவப்பு லைட்ட மினுக்கிக்கிட்டே இருக்கும்.


சிவப்பு சாகா | செவ்வாய், காலை 7:10

வயர்மேன் அண்ணன் சொன்ன கடைசி வரி என் கதை.

எனக்கு முந்தி ஒரு ஹேட்ச்பேக் இருந்துச்சு. முன்னும் பின்னும் போட்டு, 'இனிமே எவன் வேணாலும் வாங்கடா'ன்னு இருந்தேன். ஒரு நாள் ஈப்போவுல கட்டண பார்க்கிங்ல நிப்பாட்டிட்டுத் திரும்பி வந்தா பின் லைட் உடைஞ்சு கிடக்கு. சிரிச்சுக்கிட்டேதான் கார்ட எடுத்தேன், சத்தியமா. வீட்டுல போய்ப் போட்டுப் பாத்தா முன் படம் இருக்கு, பின் படம் இல்ல. பின்னால போனேன், போனேன்... கார்டுல இருந்த கடைசி பின் படம் மூணு மாசத்துக்கு முந்தி பூட்டுன ஒரு ஃபைலு. அதுக்கப்புறம் வயரு அத்துப் போச்சு. திரையில முன் படம் மட்டும் வந்துக்கிட்டு இருந்ததால நான் கவனிக்கவே இல்ல.

இப்ப சாகாவுல முன்னுக்கு ஒன்னுதான். வேலை செய்யுதான்னு தெரியுற கேமரா ஒன்னு, எனக்கு அது போதும்.


குலை லோரி | செவ்வாய், காலை 7:45

உங்க வயரு அத்தது கேமரா தப்பு இல்லையே. டயரு பஞ்சராகுதுன்னு நாலு டயர மூணாக்குவீங்களா?


சிவப்பு சாகா | செவ்வாய், காலை 7:52

அண்ணே, டயரு பஞ்சரானா காடி ஒரு பக்கம் இழுக்கும், தெரிஞ்சிரும். கேமரா செத்தா என்ன இழுக்கும்?


குலை லோரி | செவ்வாய், காலை 8:30

சரி, அது பாயிண்டு. ஆனா கிளேம் சார் சொன்னதுக்கு ஒரு கேள்வி. ஓடிப் போறவன என்ன செய்றது? நம்ம பக்கம் அதுதானே அதிகம். கந்தான் கிட்ட கல்லு லோரி, சிமெண்டு லோரி எல்லாம் உரசிட்டுப் போனதத் திரும்பிப் பாக்குறதே இல்ல. நான் லோரிக்காரன், நானே சொல்றேன். சில நேரம் இடிச்சது அவனுக்கே தெரியாது.


கிளேம் ஆளு | செவ்வாய், மதியம் 12:40

அதற்குப் பின் கேமரா வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் பின்னாலிருந்து உரசிவிட்டு முந்திக்கொண்டு போகிற லோரி கடைசியில் நமக்கு முன்னால்தானே போகிறது? அதன் பின் நம்பர் முன் கேமராவில் விழும். பின் கேமரா மட்டுமே பிடிக்கக்கூடியது, இடித்துவிட்டுத் திரும்பி எதிர்த்திசையில் ஓடுகிறவன், அல்லது சிம்பாங்கில் வளைந்து போய்விடுகிறவன். பெரும்பாலும் மோட்டார்.

சாட்சி பற்றி ஒரு வார்த்தை. படம் கிடைத்ததும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு ஒரிஜினலை விட்டுவிடாதீர்கள். வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிடும், நம்பர் குழம்பிப் போகும். கார்டையே எடுத்து வைத்துவிட்டு வேறு கார்டு போடுங்கள். கணினிப் பதிவுகள் 1950 சாட்சியச் சட்டத்தின் 90ஏ பிரிவின் கீழ் நீதிமன்றத்துக்குப் போகும். அங்கே 'இந்தப் பதிவு எங்கிருந்து வந்தது, யார் எடுத்தார்' என்று கேட்பார்கள். முகநூலில் போட்டு லைக் வாங்கிய பிறகு பாலாய்க்குப் போகிற பழக்கமும் வேண்டாம்.


ஈப்போ வயர்மேன் | செவ்வாய், இரவு 10:15

இரவுல நம்பர் தெரியாதுன்னு அக்கா சொன்னதுக்கு ஒரு கணக்கு இருக்கு. 90 கிலோமீட்டர் வேகத்துல காடி விநாடிக்கு 25 மீட்டர் ஓடுது. இருட்டுல கேமரா வெளிச்சம் வேணும்னு கண்ண ஒரு விநாடியில 30ல ஒரு பங்கு திறந்து வெச்சா, அதுக்குள்ள ரோட்டோரத்துல நிக்கிற பொருள் 80 சென்டிமீட்டருக்கு மேல நகர்ந்திருக்கும். எதிர்ல வர்றவன்னா அதுல ரெண்டு மடங்கு. 4கே போட்டாலும் குழம்பத்தான் செய்யும். ஆனா பின்னால ஒட்டிக்கிட்டு வர்றவன் நம்ம வேகத்துலயே வர்றான், அவன் நம்பர் அவ்வளவு குழம்பாது. அவன் லைட்டும் உங்க டின்டட்டும்தான் தடை. அதனால அக்கா, உங்க பின் கேமரா கெட்ட கேமரா இல்ல. கேமரா பாக்குற இடத்துல மட்டும் ஒரு சின்னச் சதுரத்துக்கு டின்டட்ட வெட்டி எடுத்தாப் போதும். வெளிய இருந்து பாத்தா தெரியாது. பிளேடு பின் கண்ணாடியில ஓடுற ஹீட்டர்க் கோட்டுல படக்கூடாது, பட்டா அந்தக் கோடு செத்துரும். தெரிஞ்ச கைய வெச்சு வெட்டுங்க.


கோல காங்சார் அக்கா | செவ்வாய், இரவு 10:40

மூணு வருசமா இதை யாரும் சொல்லலையே! வீட்டுக்காரர் கிட்ட சொன்னா டின்டட்டுக்கு குடுத்த காசைப் பத்தி ஒரு பிரசங்கம் நடக்கும். மைக் அணைச்சிருக்கு, பரவாயில்ல.


லிந்தாங் ரோடு | புதன், இரவு 9:05

ஒரு சோதன செஞ்சு பாத்தேன். நேத்து ஏழரை மணிக்கு அப்பா கோயிலுக்குப் போகும்போது நானும் ஏறி, பின் சீட்டுல உக்காந்து என் போன பின் கண்ணாடியோட ஒட்டிப் புடிச்சுப் படம் எடுத்தேன். போன் கேமரா டாஷ்கேம விட நல்லதுதானே, இதுலயே தெரியலன்னா அதுல எங்க தெரியப் போகுதுன்னு.

போகும்போது பெரிய ரோட்டுல பரவாயில்ல. செம்மண் ரோட்டுல ரெண்டு நிமிசத்துல கண்ணாடி மங்கிருச்சு. திரும்பி வரும்போது ஒரு மோட்டார் பின்னால வந்துச்சு. படத்துல ஒரு மஞ்சள் புள்ளி ஆடுது, அவ்வளவுதான். ஆம்பளையா பொம்பளையான்னு கூடச் சொல்ல முடியாது. பின் வைப்பர ஒரு தடவ போட்டேன், சேறு மாதிரி இழுத்துருச்சு. தண்ணி அடிச்சுப் போட்டா தெளிவாச்சு. அப்பத்தான் பாக்குறேன், பின் வாஷர்ல தண்ணியே பாதிக்குக் கீழ.

அதனால முன்னுக்கு நல்லதா ஒன்னு, ஜிபிஎஸ்ஸோட, சூப்பர் கெப்பாசிட்டரோட வாங்குறதுன்னு முடிவு பண்ணிட்டேன். பின்னால வேணும்னா சேத்துக்கிற மாதிரி சாக்கெட் உள்ள மாடல். சரிதானே?


ஈப்போ வயர்மேன் | புதன், இரவு 9:50

சரி. பின் கேமராவத் தனியா விக்கிற மாடலான்னு மட்டும் உறுதி பண்ணிக்குங்க, சாக்கெட் இருக்கும் ஆனா கேமரா கிடைக்காது. முன் கண்ணாடியில உலோகம் கலந்த டின்டட் இருந்தா ஜிபிஎஸ் சிக்னல் தடுமாறும், அதையும் பாருங்க. மாட்டும்போது பக்கத் தூண்ல ஏர்பேக் இருந்தா வயரு அதுக்குப் பின்னாலதான் போகணும், மேல குறுக்கா போகக்கூடாது. ஏர்பேக் வெடிக்கிற நேரத்துல வயரு குறுக்க நிக்கும்.

பார்க்கிங் மோடு (காடி நிக்கும்போதும் படம் புடிக்கிறது) வேணாம்னு சொல்வேன். கேமரா சுமார் அஞ்சு வாட்டு இழுத்தா பத்து மணி நேரத்துல பேட்டரியில நாலு ஆம்பியர்-அவர் போயிரும். மைவி பேட்டரி சின்னது, அதுவும் ரெண்டு வருசப் பேட்டரின்னா மனைவி காலையில ஸ்டார்ட் ஆகலன்னு உங்களைத்தான் தேடுவாங்க. வேணும்னா 12 வோல்ட்டுல தானா அணையுற ஹார்ட்வயர் கிட்டோட போடுங்க.


மலிவு மன்னன் | வியாழன், மாலை 5:30

என்னோடது நேத்தியில இருந்து 'கார்டைப் போடவும்'னு காட்டுது. கார்டு உள்ளதான் இருக்கு. மூணு மாசம்லாம் தேவைப்படல.


குலை லோரி | வியாழன், மாலை 5:41

256 ஜிபின்னு எழுதியிருந்த கார்டா? உள்ள 32தான் இருக்கும். கம்ப்யூட்டர்ல போட்டு முழுசா ஒரு தடவ எழுதிப் பாத்தா வண்டவாளம் தெரியும். என் மகன் அப்படித்தான் கண்டுபிடிச்சான்.


லிந்தாங் ரோடு | ஞாயிறு, இரவு 8:20

போன வாரம் கேட்டவன், இப்ப வந்து சொல்றேன்.

நேத்து ஈப்போ போய் முன் கேமரா வாங்கி மாட்டிட்டு வந்தேன். அப்பாவும் கூட வந்தாரு. மாட்டுற வரைக்கும் ஒன்னும் பேசல, நாற்காலியில உக்காந்து பேப்பர் படிச்சாரு. முடிஞ்சதும் கடைக்காரர் திரையில காட்டி விளக்கினாரு. அப்பா கண்ணாடியப் போட்டுக்கிட்டுப் பாத்தாரு. "முன்னால வர்றவன எனக்கே தெரியுது தம்பி. பின்னால வர்றவனத்தான் தெரியல. அதுக்கு ஒன்னும் இல்லையா?"ன்னு கேட்டாரு.

நான் புழுதி, டின்டட், பூட் வயரு, கிளேம் சார் சொன்ன குலுக்கல் எல்லாம் சொன்னேன். முழுசா கேட்டாரு. அப்புறம் சட்டைப் பையில இருந்து 150 வெள்ளி எடுத்து மேசையில வெச்சிட்டாரு.

அதனால ரெண்டும் மாட்டியாச்சு. பெரிய கார்டும் வாங்க வேண்டியதாப் போச்சு. வயர்மேன் அண்ணன் சொன்ன மாதிரி வயர ரப்பர்க் குழாய்க்குள்ளதான் விட்டாங்க, நான் பக்கத்துலயே நின்னு பாத்தேன். பின் கேமரா வைப்பர் வட்டத்துக்குள்ள இருக்கு. டின்டட்ட வெட்டல. எங்களோடது பழைய காடி, அவ்வளவு கறுப்பு இல்ல.

இன்னிக்குக் காலையில ஆறரைக்கு எழுந்து பாத்தா அப்பா வாளியும் துணியுமா காடிக்குப் பின்னால நிக்கிறாரு. பின் கண்ணாடிய மட்டும் துடைச்சிட்டு உள்ள போயிட்டாரு. காடியில மத்த இடமெல்லாம் அப்படியே செம்மண்.

ஒரு சந்தேகம். நேத்து எடுத்த படத்துல தேதி சரியா இருக்கு, ஆனா மணி எட்டு மணி நேரம் பின்னால காட்டுது. மத்தியானம் ரெண்டு மணிக்கு மாட்டினது காலை ஆறுன்னு வருது. கேமரா கோளாறா?


ஈப்போ வயர்மேன் | ஞாயிறு, இரவு 8:33

கோளாறு இல்ல. ஜிபிஎஸ் உலக நேரத்தத்தான் குடுக்கும். செட்டிங்ல டைம் ஸோன்னு இருக்கும், அதுல +8 வைங்க. இன்னிக்கே வைங்க, மணி தப்பா இருந்தா பாலாய்ல முதல் கேள்வியே அதுதான்.


கிளேம் ஆளு | ஞாயிறு, இரவு 9:10

வாரம் ஒரு தடவை ரெண்டு படமும் பதிவாகியிருக்கிறதா என்று போனில் பார்த்துவிடுங்கள். அந்த வேலையையும் அப்பாவிடமே கொடுத்துவிடலாம். கிராணியாக இருந்தவர், கணக்கு சரிபார்ப்பார்.


குலை லோரி | ஞாயிறு, இரவு 9:14

ஐயாவுக்கு என் வணக்கத்தச் சொல்லுங்க தம்பி. எந்தத் தோட்டம்னு கேட்டுச் சொல்லுங்க, நான் குலை ஏத்துன தோட்டமா இருந்தாலும் இருக்கும்.